எந்த வேதனையைப் பாடலாம்? அமெரிக்கக் கிறிஸ்தவ இசையின் அரசியல்

2025 செப்டம்பர் 21 அன்று அரிசோனா மாநிலம் க்ளென்டேலில் உள்ள ஸ்டேட் ஃபார்ம் ஸ்டேடியத்தில் சார்லி கிர்க்கின் நினைவேந்தல் கூட்டம் நடந்தது. அதற்கு 11 நாள் முன்பு யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட வலதுசாரிப் பிரமுகர் அவர். கிறிஸ் டாம்லின், ஃபில் விக்கம், பிராண்டன் லேக், காரி ஜோப் என்று, அமெரிக்க சபைகளில் ஞாயிறுதோறும் யாருடைய பாடல்கள் ஒலிக்கின்றனவோ அவர்களே வந்து ஆராதனை நடத்தினார்கள். அதே மேடையில் துணை அதிபர் வான்ஸும் அதிபர் டிரம்பும் பேசினார்கள். நேரலையில் பார்த்த பலருக்குக் குழப்பம். இது இரங்கல் கூட்டமா, ஆராதனையா, கட்சிக் கூட்டமா? பக்திப் பாட்டில் அரசியலைக் கலந்துவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. பாடியது தேவனைத்தானே, இதில் அரசியல் எங்கே வந்தது என்றது மறு தரப்பு.

இரண்டுமே பாதிதான் சரி. இந்த இசைக்குள் அரசியல் பிறந்த நாள் முதலே இருக்கிறது. எது 'அரசியல்' என்று வெளியே தள்ளப்படும், எது 'ஆராதனை' என்று உள்ளே வரும் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதைத் தீர்மானிப்பதில் பாட்டின் வரிகளைவிட, பாட்டைக் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே பங்கு அதிகம்.

முதலில் சில பெயர்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே கிறிஸ்தவப் பாட்டு. உள்ளே மூன்று தனித்தனிச் சந்தைகள்.

1. சிசிஎம். கன்டெம்பரரி கிறிஸ்டியன் மியூசிக் என்பதன் சுருக்கம். பாப், ராக் போன்ற நடப்புப் பாணிகளில் விசுவாசத்தைப் பாடுவது. தனிக் கலைஞர்கள், ஆல்பம், வானொலி, கச்சேரி என்று இயங்கும் தொழில். அதன் மையம் டென்னசியில் உள்ள நாஷ்வில்.

2. வொர்ஷிப். சபையார் கூடிப் பாடுவதற்கென்றே எழுதப்படும் துதி ஆராதனைப் பாடல்கள். எளிய மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி. 2000-க்குப் பிறகு சிசிஎம் சந்தையின் பெரிய பங்கை இதுவே பிடித்துக்கொண்டது.

3. காஸ்பல். கறுப்பினத் திருச்சபைகளில் வளர்ந்த இசை. பில்போர்டு பத்திரிகையில் 'கிறிஸ்டியன்' பட்டியல் வேறு, 'காஸ்பல்' பட்டியல் வேறு. இரண்டிலும் பாடப்படுபவர் ஒரே இயேசுதான். பிரிவின் வேர் இசைத்தட்டு வியாபாரம் 1920-களில் போட்ட கோட்டில் இருக்கிறது. கறுப்பினத்தவருக்கான தட்டுகளை அப்போது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாக விற்றார்கள். பில்போர்டு அந்தப் பெயரைக் கைவிட்டதே 1949-ல்தான்.

இவாஞ்சலிக்கல் என்ற சொல்லும் அடிக்கடி வரும். மனமாற்றம், வேதாகமத்தின் அதிகாரம், நற்செய்தி அறிவிப்பு ஆகியவற்றை முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை அது குறிக்கும். இவர்களில் வெள்ளையர்கள் கடந்த மூன்று அதிபர் தேர்தல்களிலும் ஏறக்குறைய பத்துக்கு எட்டுப் பேர் டிரம்புக்கு வாக்களித்தவர்கள். சிசிஎம்மின் முக்கிய வாடிக்கையாளர்களும் இவர்களே. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

ஒரே பாட்டுக்குள் இரண்டு கட்சி

1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்துவிடம் திரும்பினார்கள். 'ஜீசஸ் பீப்பிள்' இயக்கம் என்று பெயர். கோஸ்டா மேசாவில் போதகர் சக் ஸ்மித் தம் கால்வரி சேப்பல் சபைக்குள் நீண்ட முடியையும் கிட்டாரையும் அனுமதித்தார். அங்கிருந்து 1971-ல் மரநாதா மியூசிக் என்ற வெளியீட்டு நிறுவனம் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் டல்லஸில் நடந்த எக்ஸ்ப்ளோ 72 கூடுகைக்கு ஏறக்குறைய 80,000 இளைஞர்கள் வந்தார்கள்.

அந்த மேடையில் பாடியவர்களில் ஒருவர் லாரி நார்மன். அதே 1972-ல் வந்த அவருடைய ஆல்பத்தில் அமெரிக்காவையே முன்னால் நிறுத்தி விசாரிக்கும் ஒரு பாடல் உண்டு. கறுப்பின ஆணை நள்ளிரவில் கொல்வதைச் சாடுகிறது. பிள்ளைகளைப் பட்டினி போட்டு நிலாவுக்குப் போனீர்களே என்று கேட்கிறது. போரைக் கண்டிக்கிறது. அதே மூச்சில், நாணயத்தில் தேவனை நம்புகிறோம் என்று பொறித்துவிட்டுப் பள்ளியில் ஜெபிப்பதைச் சட்டவிரோதம் ஆக்கிவிட்டீர்களே என்றும் கேட்கிறது.

இன்றைக்கு இந்த வரிகளை ஒருவர் பாடினால் எந்தக் கட்சிக்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் மூன்று புகார்களும் இன்று இடதுசாரிகளுடையவை, கடைசிப் புகார் வலதுசாரிகளுடையது. 1972-ல் ஒரு விசுவாசி இவற்றை ஒரே பாட்டில் வைத்தபோது அது முரணாகத் தெரியவில்லை.

பிரிவு அதன் பிறகு வந்தது. 1979-ல் ஜெரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். 1980 தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்குகள் குடியரசுக் கட்சியின் ரீகன் பக்கம் திரண்டன. கருக்கலைப்பு, பள்ளி ஜெபம், குடும்பம் ஆகியவை 'விசுவாசப் பிரச்சினைகள்' ஆயின. இனம், போர், வறுமை மூன்றும் 'அரசியல்' பெட்டிக்குள் போயின. 1993-ல் கார்மன் என்ற பிரபல பாடகர் அமெரிக்கா தேவனிடம் திரும்ப வேண்டும், பள்ளிகளில் ஜெபம் திரும்ப வேண்டும் என்று ஒரு பாடலே செய்தார். அவர் சந்தையில் அதற்காக யாரும் அவரை அரசியல் பாடகர் என்று ஒதுக்கவில்லை.

கடை, வானொலி, உரிமம்

ஒரு பாடல் கேட்பவரின் காதுக்குப் போக மூன்று வாசல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காவல்.

1. கடை. 1980, 90-களில் ஆல்பங்கள் அதிகம் விற்றது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில். வேதாகமத்துக்கும் ஞாயிறு பள்ளிப் பாடநூலுக்கும் பக்கத்து அலமாரியில் கேசட் இருக்கும். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அது அலமாரியை விட்டு இறங்கிவிடும்.

பாடகர் ஸ்டீவ் டெய்லர் நல்ல உதாரணம். 1984-ல் அவர் பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைக் கேலி செய்து பாடினார். மாணவர்கள் வேறு இனத்தவரோடு காதலில் பழகக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. அந்த விதியால் அது வரிவிலக்கை இழந்தது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 1983-ல் தீர்ப்பளித்தும், விதி நீங்கியது 2000-ல்தான். 1987-ல் டெய்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் பாட்டில் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரன் கருக்கலைப்பு மருத்துவமனையைக் குண்டு வைத்துத் தகர்க்கிறான். காரணம் உயிர் மேல் அக்கறை அல்ல, குழந்தைகள் பிறக்காவிட்டால் ஐஸ்கிரீம் யார் வாங்குவார்கள் என்ற கவலை. வன்முறையைத்தான் அது கிண்டல் செய்தது. ஆனால் குண்டுவைப்பை ஆதரிக்கிறது என்று நினைத்துச் சில கடைகள் ஆல்பத்தையே எடுத்துவிட்டன. அங்கதம் அந்த வாசலுக்குள் நுழைய முடியாத வகைச் சரக்கு.

2. வானொலி. இதுதான் மூன்றிலும் பலமானது. கே-லவ் வானொலியை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன், சுருக்கமாக இ.எம்.எஃப்., 1982-ல் கலிஃபோர்னியாவில் ஒரே நிலையத்தோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் அதிகமான அலைவரிசைகள் அதன் கையில். விளம்பரம் கிடையாது. நேயர்கள் மாதாமாதம் தரும் காணிக்கையில் ஓடுகிறது. நேர்மறையாகவும் உற்சாகமூட்டுவதாகவும் இருப்போம் என்பது அதன் முழக்கம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் சராசரி நேயருக்கு 'பெக்கி' என்று கற்பனைப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெக்கி நகர்ப்புறத்துக்கு வெளியே வசிக்கும் நடுத்தர வயதுத் தாய். பிள்ளைகளை காரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது வானொலி கேட்கிறாள். ஒரு பாடல் அவள் மனதைச் சங்கடப்படுத்தினால் அவள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவாள், அடுத்த மாதக் காணிக்கையும் போய்விடும்.

இதில் சதி ஒன்றும் இல்லை. நிலையத்தார் அரசியல் கணக்குப் போட்டுத்தான் பாடல்களை நிராகரிக்க வேண்டும் என்பதில்லை. பெக்கியை நினைத்தாலே போதும்.

3. உரிமம். சபைகளில் வொர்ஷிப் பாடல்களைத் திரையிடவும் அச்சிடவும் அனுமதி வேண்டும். 1988-ல் தொடங்கிய சிசிஎல்ஐ என்ற அமைப்பு ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த அனுமதியைத் தருகிறது. எந்தப் பாடல் எத்தனை சபைகளில் பாடப்படுகிறது என்ற பட்டியலும் அதனிடமே. 2010 முதல் 2020 வரை பட்டியலின் உச்சிக்கு வந்த 38 புதுப் பாடல்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 36 பாடல்களுக்கு நான்கே நான்கு பெரிய ஊழியங்களோடு தொடர்பு இருப்பதைக் கண்டார்கள்: பெத்தேல், ஹில்சாங், பேஷன், எலிவேஷன். பாடல்களில் வெளிப்படையான அரசியல் கிடையாது. ஆனால் ஒரு சிறு நகரச் சபை அவற்றைப் பாடும்போது, அந்த ஊழியங்களின் ஜெப மொழியையும் சேர்த்தே தன்னுடையதாக்கிக்கொள்கிறது. நான், நீர், என் பயம், உம் வல்லமை என்று இருவருக்குள் நடக்கும் உரையாடல்தான் பெரும்பாலும். சங்கீதப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ஏழை, திக்கற்ற பிள்ளை, விதவை, பரதேசி ஆகியோரை அந்தப் பாடல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வாசல்களில் இடித்துக்கொண்டவர் பாடகர் டெரெக் வெப். 2003-ல் அவருடைய முதல் தனி ஆல்பத்தைச் சில கிறிஸ்தவக் கடைகள் விற்க மறுத்தன. காரணம் சில 'கெட்ட' வார்த்தைகள், அவற்றில் வேசி என்பதும் ஒன்று. தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். 2009-ல் ஓரினச் சேர்க்கையாளர்களைத் தூற்றுவதில் காட்டும் அக்கறையைச் சாகும் ஏழைகள் மேல் காட்டுவதில்லையே என்று கடுமையாகப் பாடினார். அதிலும் ஒரு வசைச்சொல் இருந்தது. நிறுவனம் அந்தப் பாடலை நீக்கிவிட்டு ஆல்பத்தை வெளியிட்டது. முழு ஆல்பத்தை அவர் தம் சொந்தத் தளத்தில் விற்றார்.

தூரத்து வறுமை, பக்கத்து வறுமை

அப்படியானால் சமூக அக்கறையே இல்லையா என்றால், நிறைய உண்டு. சிசிஎம் கச்சேரிகளில் இடைவேளை நேரத்தில் கலைஞர் மேடைக்கு வந்து, வேர்ல்ட் விஷன் அல்லது கம்பாஷன் இன்டர்நேஷனல் மூலம் ஏழை நாட்டுக் குழந்தை ஒன்றின் செலவை மாதாமாதம் ஏற்கும்படி கேட்பது வெகுகால வழக்கம். குழந்தையின் புகைப்படம் ஒட்டிய அட்டையை வரிசை வரிசையாகக் கொடுப்பார்கள். ஜார்ஸ் ஆஃப் க்ளே இசைக்குழு ஆப்பிரிக்காவில் சுத்தத் தண்ணீருக்கும் எச்.ஐ.வி. பணிக்கும் என்று 2004-ல் ஒரு தொண்டு அமைப்பையே தொடங்கியது. ரிச் மல்லின்ஸ், 1997-ல் விபத்தில் இறக்கும்வரை, சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பள அளவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தர்மத்துக்கு விட்டவர்.

எங்கே நிற்கிறது என்றால், ஏன் என்ற கேள்வியில். தூர தேசத்துக் குழந்தைக்குச் சாப்பாடு என்பது ஊழியம். உள்ளூர்க் குழந்தைக்கு ஏன் மருத்துவக் காப்பீடு இல்லை என்பது அரசியல்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவே நிறையச் சொல்கிறது. 2002 டிசம்பரில் யூ2 குழுவின் போனோ நாஷ்வில்லுக்கு வந்து, ஒரு கிறிஸ்தவ இசைத் தயாரிப்பாளரின் வீட்டில் சிசிஎம் கலைஞர்களைச் சந்தித்தார். ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் கொள்ளைநோய்க்கு அமெரிக்க அரசு பணம் ஒதுக்கக் குரல் கொடுங்கள் என்று கேட்டார். பலர் கொடுத்தார்கள். 2003 ஜனவரியில் அதிபர் புஷ் அறிவித்த பெப்ஃபார் திட்டத்துக்கு, 5 ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர், இவாஞ்சலிக்கல் ஆதரவும் சேர்ந்தே வழி திறந்தது. அரசின் வரவுசெலவை மாற்றக் கேட்பது முழுக்க முழுக்க அரசியல்தான். யாரும் குறை சொல்லவில்லை. நோயாளிகள் தூரத்தில் இருந்தார்கள், அதிபர் நம்மவராக இருந்தார்.

கத்தரிக்கப்பட்ட ஜெபம்

காஸ்பல் மரபில் இந்தப் பிரிவினை எப்போதுமே சரியாக ஒட்டியதில்லை. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்கு முன் மஹேலியா ஜாக்சன் பாடினார். அன்று கிங் மேற்கோள் காட்டிய ஆமோஸ் வசனத்தில் நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வர வேண்டும் என்கிறார் கர்த்தர். அதற்கு முந்தைய வசனம், உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்பது. சபை, பாட்டு, குடியுரிமை மூன்றையும் பிரித்துப் பார்க்கும் வசதி அந்த மக்களுக்கு வாய்க்கவில்லை.

இரண்டு உலகங்களும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை காஸ்பல் மியூசிக் அசோசியேஷன் 1969 முதல் வழங்கிவரும் டவ் விருது மேடை காட்டியது. 2016-ல் விருது பெற்ற காஸ்பல் பாடகர் கிர்க் ஃபிராங்க்ளின் தம் நன்றியுரையில், போலீசாரால் கொல்லப்பட்ட ஃபிலாண்டோ காஸ்டில், வால்டர் ஸ்காட் ஆகியோரைக் குறிப்பிட்டார். கொல்லப்பட்ட போலீஸ்காரர்களையும் சொன்னார். பிறகு கூடியிருந்தவர்களோடு ஜெபித்தார். டிபிஎன் என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அந்தப் பகுதி இல்லை. 2019 அக்டோபரில் மறுபடியும் மேடை ஏறினார். டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் தன் சொந்த வீட்டுக்குள் இருந்தபோது போலீஸ் சுட்டு இறந்த அட்டாடியானா ஜெஃபர்சனுக்காக ஜெபித்தார். அதுவும் வெட்டப்பட்டது. அதே மாதம், நிலைமை மாறும்வரை டவ் விருதையும் டிபிஎன்னையும் அசோசியேஷனையும் புறக்கணிப்பதாக அவர் அறிவித்தார். அசோசியேஷன் மன்னிப்புக் கேட்டது.

வெட்டப்பட்டது என்ன என்று கவனியுங்கள். கட்சிப் பெயர் இல்லை, கோரிக்கை இல்லை. இறந்தவளின் பெயர், அவள் குடும்பத்துக்கும் சுட்ட போலீஸ்காரரின் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு ஜெபம். அவ்வளவுதான்.

ராப் பாடகர் லெக்ரே விலை கொடுத்தது இன்னும் வெளிப்படையாக. 2014-ல் அவருடைய ஆல்பம் எல்லா வகை இசைக்குமான பில்போர்டு 200 பட்டியலிலும் காஸ்பல் பட்டியலிலும் ஒரே நேரத்தில் முதலிடம் பிடித்தது. வெள்ளை இவாஞ்சலிக்கல் மாநாடுகள் அவரைக் கொண்டாடின. 2014-ல் மிசூரி மாநிலம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, லெக்ரே போலீஸ் வன்முறை பற்றிப் பேசத் தொடங்கினார். 2016 சுதந்திர தினத்தன்று பருத்திக் காட்டில் நிற்கும் அடிமைகளின் படத்தைப் போட்டு, 1776 ஜூலை 4-ல் என் குடும்பம் இப்படித்தான் இருந்தது என்று எழுதினார். சுவிசேஷத்தை விட்டுவிட்டு அரசியல் பேசுகிறார் என்று ரசிகர்களே திட்டினார்கள். 2017-ல் ஒரு பாட்காஸ்டில், வெள்ளை இவாஞ்சலிக்கல் உலகத்திலிருந்து தாம் விலகிவிட்டதைச் சொன்னார். விசுவாசத்தை விடவில்லை, அந்தச் சந்தையை விட்டார்.

பாடுவதே போராட்டமானபோது

கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், கலிஃபோர்னியா அரசு வழிபாட்டுத் தலங்களுக்குள் பாடுவதற்கே தடை போட்டது. காற்றில் தொற்று பரவும் என்பது காரணம். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் உள்ளரங்கு ஆராதனைக்கு அனுமதி தந்தபோதும் பாடும் தடையை நீக்கவில்லை. பாட்டே வழக்காகிவிட்ட அந்தச் சூழல் ஷான் ஃபாய்ட்டுக்குத் தோதாக அமைந்தது. பெத்தேல் மியூசிக்கில் பாடியவர், 2020 மார்ச்சில் குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரஸ் தேர்தலுக்கு முதல்நிலைப் போட்டியில் நின்று தோற்றவர். கோல்டன் கேட் பாலத்தில் தொடங்கி நகரம் நகரமாகத் திறந்தவெளி ஆராதனைக் கூட்டங்கள் நடத்தினார். பாடியது வழக்கமான துதிப் பாடல்களைத்தான். இடமும் நேரமும்தான் அவற்றை அரசியல் ஆக்கின.

2020 நவம்பரில் அவருடைய நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் லாரன் டைகிள் வந்து பாடினார். சிசிஎம்மின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். அந்த நகரத்தின் மேயர், புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு இடம் தர வேண்டாம் என்று கடிதம் எழுதினார். இரண்டு வருடம் முன்பு இதே டைகிள், ஓரினச் சேர்க்கை பாவமா என்ற கேள்விக்கு உறுதியான பதில் சொல்லாததற்காக வலது பக்கத்தில் அடி வாங்கியவர். நடுவில் நிற்க நினைப்பவருக்கு இரண்டு பக்கமும் செலவு.

சட்டம் எங்கே வருகிறது

வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்போ மத அமைப்போ எதுவும் தேர்தலில் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 1954-ல் வந்த இந்த விதிக்கு ஜான்சன் திருத்தம் என்று பெயர். சபைகளும் இ.எம்.எஃப். போன்ற லாபநோக்கற்ற வானொலிகளும் இதற்குள் அடங்கும். 2025 ஜூலையில், போதகர் ஆராதனையில் தம் சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவதை மீறலாகக் கருத மாட்டோம் என்று வரித்துறை ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்தவர்களில் மத ஒலிபரப்பாளர்களின் தேசியச் சங்கமும் உண்டு.

ஆனால் விதி தடுப்பது வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும் மட்டும். வறுமை, போலீஸ், கருக்கலைப்பு, குடியேற்றம் எதைப் பற்றியும் பாடலாம், ஒலிபரப்பலாம். அதனால் 'சட்டச் சிக்கல், எங்களால் முடியாது' என்ற பதிலுக்குப் பெரிய பலம் கிடையாது.

இணையம் வந்த பிறகு

1. புத்தகக் கடை வாசல் ஏறக்குறைய இடிந்துவிட்டது. 2021-ல் தற்பாலினக் கலைஞரான செம்லர், எந்தப் பெரிய நிறுவனமும் இல்லாமல் ஐடியூன்ஸ் கிறிஸ்தவப் பட்டியலில் முதலிடம் வந்தார். 2023-ல் பெண்வேடக் கலைஞர் ஃப்ளேமி கிராண்ட், டெரெக் வெப்போடு சேர்ந்து பாடியதை ஃபாய்ட் சமூக ஊடகத்தில் கண்டித்தார். கோபப்பட்ட ரசிகர்கள் வாங்கித் தள்ளி, கிராண்டையும் அதே பட்டியலின் உச்சியில் ஏற்றினார்கள். இந்தப் பட்டியலில் ஏறக் கொஞ்சம் பேர் ஒரே நாளில் வாங்கினால் போதும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வானொலி அவர்களைத் தொடவில்லை.

2. சபைக்கான நீதிப் பாடல்கள் என்றே ஒரு சிறு பிரிவு வளர்கிறது. 2017-ல் தொடங்கிய போர்ட்டர்ஸ் கேட் குழு 2020-ல் ஒரு முழு ஆல்பத்தை இதற்காகவே செய்தது. புலம்பலையும் நியாயத்தையும் ஆராதனை மொழியிலேயே வைப்பது அவர்கள் வழி. ஸ்டீவ் டெய்லரின் கிண்டலைவிட இதற்குச் சபைக்குள் நுழைய வாய்ப்பு அதிகம்.

3. மற்ற இரண்டு வாசல்களில் பிடி தளரவில்லை, இறுகியிருக்கிறது. பெரிய கிறிஸ்தவ இசை நிறுவனங்களில் காப்பிட்டல் கிறிஸ்டியன் யுனிவர்சலுக்கும், ப்ராவிடென்ட் சோனிக்கும் சொந்தம். 2024 டிசம்பர் இறுதியில் சேலம் மீடியா தன் கிறிஸ்தவ இசை நிலையங்கள் ஏழையும் 8 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா போன்ற நகரங்களில் கே-லவ்வுக்குப் போட்டியாக இருந்தவை அவை. வாங்கியது இ.எம்.எஃப். இணையத்தில் யாரும் எதையும் பாடலாம் என்றாலும், அந்த நகரங்களில் காலையில் காரில் வானொலியைத் திருப்பும் பெக்கிக்கு இனி முன்பைவிட ஒரு தேர்வு குறைவு.